ஏசிடிஎச் ஊசிச் சோதனை: காலை கார்ட்டிசால் அளவு மட்டும் போதாதா?

கேள்வி:
முடக்குவாதத்துக்காக அம்மா இரண்டு ஆண்டுகளாகப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வருகிறார். இப்போது நாளொன்றுக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார்கள். காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் (அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம். ஆய்வகம் அச்சிட்டிருக்கும் 5 முதல் 25 என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆயினும் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை ஊசியாகப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இது தேவைதானா?

மறுமொழி 1:
தேவைதான். கிணற்றில் நீர்மட்டத்தைப் பார்ப்பது வேறு, இறைத்தால் ஊறுகிறதா என்று பார்ப்பது வேறு. காலை அளவு 3க்குக் கீழே இருந்தால் கார்ட்டிசால் பற்றாக்குறை ஏறக்குறைய உறுதி. 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. 7 என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெளியிலிருந்து நெடுநாள் ஸ்டீராய்டு கிடைத்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஏவுவார் இல்லாத அட்ரீனல் சுரப்பியும் நாளடைவில் சுருங்கிவிடும். ஆகவே 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஎச்சைச் செலுத்தி, அதற்கு முன்பும், 30, 60 நிமிடங்களிலும் இரத்தம் எடுப்பார்கள். உச்ச அளவு 18ஐ எட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய அளவீட்டு முறைகள் சிலவற்றில் 14, 15 போதும் என்பதால், எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பல கருவிகள் பிரட்னிசோலோனையும் கார்ட்டிசால் என்றே எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும். அன்று அம்மா மாத்திரை போட்ட பிறகா இரத்தம் கொடுத்தார்? மற்றொன்று, மூன்று குழாய்களிலும் எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நேரமே குறிக்காமல் ஒரே பையில் வந்த குழாய்களை நான் திருப்பி அனுப்பியதுண்டு.

கேள்வி கேட்டவர்:
ஆம் ஐயா, காலை உணவோடு மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் போனார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுமொழி 1:
அப்படியானால் அந்த 7இலேயே மாத்திரையின் பங்கு கலந்திருக்கலாம். உண்மை அளவு இன்னும் குறைவாக இருக்கக்கூடும். இதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். சோதனைக்கு முன் எத்தனை மணி நேரம் மாத்திரையை நிறுத்திவைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் காய்ச்சலோ, ஓயாத வாந்தியோ, எழுந்தால் தலைசுற்றலோ வந்தால், சோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.