அரிசி ஆலை சர்வருக்கு டெஸ்க்டாப் வேண்டுமா?

மன்னார்குடி ஆலைக்காரன்:
எங்கள் ஆலையில் எடைமேடைக் கணக்குக்கு 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் நிற்பதைப் பார்த்தாலே அண்ணன் கைவைக்கப் பயப்படுகிறார். ஐகான், ஜன்னல் எல்லாம் காட்டும் ஜினோம் டெஸ்க்டாப் போட்டுவிடலாமா?

கும்பகோணத்திலிருந்து:
வேண்டாம் தம்பி. நானும் போட்டுப் பார்த்தவன். குறுவை அறுவடை, வாசலில் வரிசையாக லாரி. டேட்டாபேஸுக்குப் போக வேண்டிய ரேமை டெஸ்க்டாப் தின்றுகொண்டிருந்தது. ரசீது வருவதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அன்றிரவே, எழுத்துத் திரையிலேயே தொடங்கு என்று சொல்லும் கட்டளையை (systemctl set-default multi-user.target) கொடுத்து ரீபூட் செய்தேன். அதற்கப்புறம் டெஸ்க்டாப் தானாக எழவில்லை.

இன்னொன்று. ஒருநாள் வலங்கைமான் பக்கம் பஸ்ஸில் இருந்தபோது சர்வரில் ஓடும் சர்வீஸ் ஒன்று நின்றுவிட்டது. போனில் சிக்னல் ஒரே கோடு. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் (SSH) போவது எழுத்து மட்டும்தான் என்பதால் அந்தக் கோட்டிலேயே உள்ளே போய் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். டெஸ்க்டாப் படமாக வரவேண்டியிருந்தால் ஊர் வந்து சேரும்வரை லாரிகள் நின்றிருக்கும். டீமக்ஸும் (tmux) போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் தொடங்கினால், லைன் அறுந்தாலும் பாதியில் இருக்கும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

திருவையாறு:
அண்ணனுக்கு, சர்வரை பிரவுசரிலேயே கவனிக்க உதவும் காக்பிட் (Cockpit) நிறுவிக் கொடுங்கள். ஆலைக்குள் இருக்கும் வேறு கணினியின் பிரவுசரில் 9090 போர்ட்டில் திறக்கும். டிஸ்க் நிலவரம், சர்வீஸ், லாக் (நிகழ்வுப் பதிவு) எல்லாம் பார்க்கலாம். அந்தப் போர்ட்டை மட்டும் வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

மன்னார்குடி ஆலைக்காரன்:
காக்பிட் போட்டாயிற்று. அண்ணனே டிஸ்க் எவ்வளவு மீதி என்று பார்த்துச் சொன்னார். டீமக்ஸ் இன்றிரவு.