புதுப்பிப்பு: படகு டிரெய்லருக்கு வின்ச் வாங்கியாச்சு

எண்ணூரில் எங்கள் ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்ற எந்த மின்சார வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார் கருவி) வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து சுமார் 900 கிலோ.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எடையை நம்பாதே என்று ஒரு அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. பல வின்ச்களில் அது உருளும் சுமைக்கான, அதாவது சக்கரத்தில் உருண்டு வரும் எடைக்கான கணக்கு. நேராக இழுக்கும் திறன் அதைவிட ரொம்பக் குறைவு. அதுவும் டிரம்மில் (கயிறு சுற்றும் உருளையில்) முதல் அடுக்குக் கயிறு இருக்கும்போதுதான் முழுசாகக் கிடைக்கும், அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். படகு சரிவில் ஏறி வரும் நேரத்தில்தான் அடுக்கும் கூடுகிறது! அதனால் நேர் இழுவையே 900 கிலோ உள்ளதை எடுத்தேன்.

வின்ச் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதுதான். முதல் நாள் மெல்லிய ஒயர் போட்டு, தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. காசிமேட்டு எலெக்ட்ரீஷியன் தடித்த செம்பு கேபிள் மாற்றி, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸும் வைத்துக் கொடுத்தார். இப்போது பிரச்சினை இல்லை.

உப்புக் காற்றுக்கு இரும்புக் கயிறு வேண்டாம் என்று சின்தெடிக் கயிறு போட்டிருக்கிறேன். அப்புறம், வண்டி ஓடும்போது வின்ச்சை மட்டும் நம்பாமல் படகைத் தனியாக பெல்ட் போட்டுக் கட்டுங்கள். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.