பணிப் பதிவில் விடுபட்ட பதக்கத்தைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி விடைபெற்ற எனக்கு வழங்கப்பட்ட பாராட்டுப் பதக்கம், டிடி 214 (பணி விடுவிப்புச் சான்று) படிவத்தில் இடம்பெறவில்லை. அதற்கான ஆணை என்னிடம் பத்திரமாக உள்ளது. யாருக்கு எழுத வேண்டும்?

முதல் மறுமொழி:
ஐயா, எஸ்எஃப் 180 (படைப் பணி ஆவணங்களைக் கோரும்) படிவத்துடன் ஆணையின் நகலை இணைத்து (மூலத்தை ஒருபோதும் அனுப்பிவிடாதீர்கள்), செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்புங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால் டிடி 215 என்னும் திருத்தப் படிவம் தனியே வழங்கப்படும்.

இரண்டாம் மறுமொழி:
அந்த மையத்தில் 1973-இல் நேர்ந்த தீவிபத்தில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோனதால், அக்காலத்தவர் பலருக்குக் கைவசம் உள்ள ஆணையே முதன்மைச் சான்றாகிறது. உங்களுடையதைப் போற்றிக் காத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மறுமொழி:
கோரிக்கை மறுக்கப்பட்டால், டிடி 149 படிவத்தின் வழியே பதிவுத் திருத்த வாரியத்தை அணுகலாம். பிழையை அறிந்த 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிப்பது விதி என்றாலும், நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம் என்பதால் காலதாமதத்தை எண்ணித் தயங்காதீர்கள்.