பழைய ஆலையில் கலைஞர்களுக்கான குடியிருப்பு: அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

பழைய நூற்பாலை ஒன்றைக் கலைஞர் குடியிருப்பாக மாற்றிய குழுவில் இருந்தேன். இப்போது அங்கேயே குடியிருக்கிறேன். கல்லில் சிற்பம் செய்வது என் வேலை.

முதன்முதலில் கட்டடத்தைப் பார்க்கப் போனபோது எல்லோருக்கும் கண் மேலேதான். அத்தனை உயரக் கூரை, அதில் ரம்பப் பல் போல வரிசையாக வடக்குப் பார்த்த கண்ணாடிகள். ஓவியர்களுக்கு நாள் முழுக்க நிழல் விழாத சீரான வெளிச்சம். எனக்குத் தரைதான் பெரிதாகப் பட்டது. கனமான இயந்திரங்களைத் தாங்கிய தளம், கூடவே சரக்கு லிஃப்ட். அடுக்குமாடி வீட்டுக்குள் கருங்கல்லை ஏற்ற எவர் விடுவார்?

பணத்தைத் தின்றது, உடம்புக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த பழைய பெயின்ட், மண்ணில் ஊறிப்போன எண்ணெய் இவற்றை அகற்றியதுதான். அப்புறம், கட்டடம் அகலமானது. நடுப்பகுதிக்கு ஜன்னலே கிடையாது. அங்கே படுக்கையறை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றோம். பொதுப் பட்டறை அங்கே போனது.

*

தீ விஷயத்தையும் எழுதுங்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், கலைஞர்கள் குடியிருந்த ‘கோஸ்ட் ஷிப்’ கிடங்கு தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். குடியிருக்க அனுமதியில்லாத இடம், தண்ணீர் தெளிப்பானும் இல்லை. வாடகை கட்டுப்படியாகாமல்தான் கலைஞர்கள் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறார்கள். நானும் அப்படி ஒரு கிடங்கில் இருந்தவள். வெளியேற ஒரே வழி, அதன் பக்கத்திலேயே சட்டென்று தீப்பிடிக்கும் டர்பெண்டைன் டப்பாக்கள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

*

உண்மைதான். எங்கள் ஆலையில் இரண்டு படிக்கட்டுகள் முடிந்த பிறகே சுவர் எழுப்பினோம். வெல்டிங் அறைக்குத் தனிப் புகைபோக்கி.

ஆனால் இதையெல்லாம் செய்து முடித்தாலும், வாடகை ஏறிவிட்டால் கலைஞர்கள் வெளியேதான். நியூயார்க்கில் பழைய ஆலைக் கட்டடங்கள் நிறைந்த சோஹோ பகுதியில் 1971இல் விதியை மாற்றி, கலைஞர்கள் சட்டப்படி குடியிருக்க வழி செய்தார்கள். வாடகைக்கு வரம்பு அந்த விதியில் இல்லை; நாளடைவில் வசதி படைத்தவர்கள் வந்துவிட்டார்கள். அதே ஊரில் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமாக இருந்த கட்டடம், வெஸ்ட்பெத் என்ற கலைஞர் குடியிருப்பாக 1970இல் 380க்கு மேற்பட்ட வீடுகளோடு திறந்தது. லாப நோக்கில்லாத அமைப்பின் கையில் இருப்பதால் இன்றும் கலைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான், வருமானத்துக்கு ஏற்ற வாடகை என்பதை எங்கள் ஆலைக் கட்டடத்தின் பத்திரத்திலேயே எழுதச் சொன்னோம். கட்டடம் கைமாறினாலும் நிபந்தனை கூடவே போகும். கடன் கொடுத்தவர்கள் முதலில் சம்மதிக்கவில்லை, மாதக்கணக்கில் இழுத்தது. இந்தக் கட்டத்தில் யாராவது இருந்தால் கேளுங்கள், அந்த நிபந்தனையை எப்படி எழுதினோம் என்று விவரமாகச் சொல்கிறேன்.