பெரெக் கவுன்டி: ஊரை விட்டு நகராமலே ஐந்து நாடுகளா?

வரைபடப் பைத்தியம்:
முகாச்சேவோ கிழவர் கதை கேட்டிருப்பீர்கள். பிறந்தது ஆஸ்திரியா-ஹங்கேரியில், படித்தது செக்கோஸ்லோவாக்கியாவில், கல்யாணம் ஹங்கேரியில், வேலை பார்த்தது சோவியத் யூனியனில், இப்போது ஓய்வூதியம் உக்ரைனில். "நிறைய ஊர் சுற்றியிருக்கிறீர்கள்" என்றால் "முகாச்சேவோவைத் தாண்டியதே இல்லையே" என்பாராம். முகாச்சேவோ இருந்த, ஹங்கேரியின் பழைய மாவட்டமான பெரெக் கவுன்டியில் நிஜமாகவே இப்படித்தான் நடந்ததா? 1939இல் ஒரே நாள் தனி நாடாக இருந்த கார்பாத்திய உக்ரைனையும் சேர்த்தால் ஆறாகிவிடுமே?

பழைய காகிதம்:
கதை சரிதான், ஆனால் ஆறு ஆகாது. 1938 நவம்பர் 2 அன்று ஜெர்மனியும் இத்தாலியும் சொன்ன வியன்னா தீர்ப்பிலேயே முகாச்சேவோ, பெரெகோவே இரண்டும் ஹங்கேரிக்குப் போய்விட்டன. 1939 மார்ச் 15 அன்று கார்பாத்திய உக்ரைன் சுதந்திரம் அறிவித்தபோது அந்த ஊர்கள் அதில் இல்லை, வடக்கே ஸ்வல்யாவா பக்கத்து மலைக் கிராமங்கள்தான் இருந்தன. அதாவது ஒரே கவுன்டிக்குள் கிழவரின் மலைக்காட்டு மச்சானுக்கு வேண்டுமானால் கணக்கு ஆறு வரும்!
இன்னொன்று, 1919இல் ஹங்கேரியக் கம்யூனிஸ்ட் பேலா குன்னின் சோவியத் குடியரசு, ருமேனியப் படை, செக் படை என்று மாறி மாறி வந்ததைக் கதை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லைகளை வகுத்த 1920 ட்ரியனான் ஒப்பந்தத்தில் கையெழுத்தானதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குத்தான்.

மலைப்பாதை:
எனக்கு இந்தக் கதையைக் கேட்டால் முழுதாகச் சிரிப்பு வருவதில்லை. ஊரை விட்டு நகராதவர் சொல்கிற கதை இது. முகாச்சேவோவில் போருக்கு முன் ஏறக்குறைய பாதிப் பேர் யூதர்கள், அவர்களை 1944 மே மாதம் ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் செஞ்சேனை வந்தது. நவம்பரில் 18 முதல் 50 வயது வரையுள்ள ஹங்கேரிய, ஜெர்மானிய ஆண்களை, மூன்று நாள் 'சின்ன வேலை' இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். உள்ளூர் ஹங்கேரியர்கள் அந்த ரஷ்யச் சொல்லையே கொஞ்சம் சிதைத்து 'மாலென்கி ரொபோத்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஸ்வல்யாவா முகாமிலேயே எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். 1945 ஜூன் 29 அன்று பிராக் அரசு பகுதியை மாஸ்கோவுக்கு எழுதிக்கொடுத்தபோது அந்த வீடுகளில் இருந்தது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

வரைபடப் பைத்தியம்:
இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. சரி, அந்தக் கவுன்டி இப்போது எங்கே?

பழைய காகிதம்:
இரண்டாக உடைந்து கிடக்கிறது. பெரிய பகுதி உக்ரைனின் சகர்பாத்தியா மாகாணத்தில். தார்ப்பா மாதிரி தெற்குக் கிராமங்கள் ஹங்கேரியிலேயே நின்றுவிட்டன, 1950இல் அவற்றைச் சேர்த்து அமைத்த கவுன்டிக்கு சபோல்ச்-சத்மார் என்று மட்டும்தான் பெயர். வால்போல 'பெரெக்' ஒட்டியது 1990இல்தான்.

மலைப்பாதை:
ஒன்று விட்டுப்போச்சு. பெரெகோவேயில் யாராவது பத்து மணிக்கு வரச் சொன்னால், எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகக் கடிகாரம் கீவ் நேரம், ஹங்கேரியர் வீட்டுக் கடிகாரம் பெரும்பாலும் புடாபெஸ்ட் நேரம், ஒரு மணி பின்னால்.