சித்தி எண்ணிய கறுப்புகள்

சித்தியோடு போவதென்று முன்பே முடிவாகியிருந்தால் அந்தப் பட்டியலை எழுதியிருக்கவே மாட்டேன். கலை அருங்காட்சியகத்தில் பார்த்தே தீர வேண்டிய 40 ஓவியங்களை, அறைவாரியாக, முதல் நாள் இரவு உட்கார்ந்து குறித்து வைத்திருந்தேன். பார்த்தது ஒன்பது.

சித்தி நாற்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். "எனக்குப் படமெல்லாம் ஒன்றும் தெரியாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நானும் பெரிய மனதோடு, விளக்கிச் சொல்கிறேன் என்றேன்.

டச்சு ஓவியங்கள் இருந்த அறையில் பிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஓவியர் வரைந்த உருவப்படம் ஒன்று. கறுப்பு உடை அணிந்த ஆள், மணிக்கட்டில் வெள்ளை லேஸ். விவரப் பலகையைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்த நான் திரும்பிப் பார்த்தால், சித்தி அங்கேயே நிற்கிறார்.

"இது ஒரே துணி இல்லை, கண்ணா. மேலே கம்பளி, கையில் பட்டு, ஓரத்தில் வெல்வெட். பட்டு மடிப்பின் மேட்டில் மினுங்கும். வெல்வெட் நேராகப் பார்த்தால் இருட்டு, விளிம்பில் மட்டும் வெளிச்சம். இவர் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்."

ஹால்ஸிடம் 27 விதமான கறுப்புகள் இருந்திருக்க வேண்டும் என்று ஓவியர் வான் கோ 1885-இல் தம்பி தியோவுக்கு எழுதியதை நான் படித்திருக்கிறேன். மேற்கோளாகப் பலமுறை எடுத்துவிட்டும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து லேஸ். சித்தி குனிந்தார், இன்னும் குனிந்தார்; காவலர் தொண்டையைச் செருமினார். "ஓர் இழைகூடப் போடவில்லையே! வெறும் கிறுக்கல்!" இரண்டடி பின்னால் வந்தார். கிறுக்கல் லேஸ் ஆனது. மறுபடி முன்னால். மறுபடி செருமல்.

பழைய துணிகள் இருந்த அறை அரையிருட்டு. வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவில்தான் வைப்பார்கள், வெளுத்த சாயம் திரும்ப வராது என்று நான் ஆரம்பித்தேன். "கடைக் கண்ணாடிக்குள் வைத்த துணி மடிப்போரம் வெளுப்பதுபோலத்தானே" என்று முடித்துவிட்டார். வான் கோவின் படுக்கையறை ஓவியத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர் 1888-இல் ஊதாவாக இருந்தது, அதிலிருந்த சிவப்பு மங்கிப்போனது என்றேன். அதற்கும் வியப்பில்லை. "சிவப்பை நம்பவே கூடாது."

மூடுவதற்கு இருபது நிமிடம் இருந்தது. பட்டியலில் இன்னும் 31 இருக்கின்றன என்று நான் கெஞ்ச, சித்திக்கு வேறொரு கவலை: அந்த மனிதரின் இடது கை லேஸ் வலது கையைவிடக் குறுகலோ? தைத்தவர் பிழையா, வரைந்தவர் பிழையா?

திரும்பிப் போனோம். எங்களைக் கண்டதுமே காவலர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.