தம்பி மாத்திரையைத் துப்பிவிடுகிறான், வழி சொல்லுங்கள்
அக்காமாரே, அண்ணாச்சிமாரே, நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். தம்பிக்கு மனச்சிதைவு நோய். பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு மாதம் ஆகிறது.

மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை சில இடங்களில் மிஞ்சிப்போவதும் இல்லாத குரல் கேட்பதற்கு ஒரு காரணம், அவனுக்கு அது நிஜக் குரல்தான் என்று வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். "குரலே இல்லை" என்று மல்லுக்கட்டவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாதாம். "எனக்குக் கேட்கலை, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறான். அந்த அம்மா நல்லா இருக்கணும்.

மாத்திரைதான் பெரும்பாடு. நேற்று துவைகல்லுக்கு அடியில் ஒன்பது மாத்திரை, பாதி கரைந்து கிடந்தன. நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பியிருக்கிறான். சொதியில் பொடித்துப் போடலாம் என்கிறாள் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்துவிட்டால் வீட்டுச் சோற்றையும் நம்ப மாட்டான்.

மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறியவர்கள் யார் வீட்டிலாவது இருக்கிறார்களா? எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்? கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வந்ததா? அப்புறம், அரசின் 14416 மனநல உதவி எண்ணில் பேசிய அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.